ஊர் வரலாற்றுப் பக்கம் தயாரிப்பது எப்படி? தரங்கம்பாடியை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

மாவட்டப் பதிப்பிலோ ஞாயிறு இணைப்பிலோ ஊர் வரலாற்றுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கி, அதை உங்களிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். புதிதாக வரும் நிருபர்களில் பலர் முதலில் செல்பேசியில் தேடி, கிடைத்ததைத் தொகுத்து எழுதிவிடுகிறார்கள். அப்புறம்தான் படம் எடுக்க ஊருக்குப் போகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. எழுதி முடித்தவர் தான் எழுதியதை மட்டுமே ஊரில் தேடுவார். பூட்டிக் கிடக்கும் கதவு, இடம் மாறிய பேருந்து நிறுத்தம், முள் மண்டிய பாதை எதுவும் அவர் கண்ணில் படாது. பக்கத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு வருகிற வாசகர்தான் அதையெல்லாம் பார்ப்பார்.

நான் சொல்லும் வரிசை இது: முதலில் நடை, அடுத்து ஆவணம், அடுத்து ஊர்க்காரர்கள், அதற்குப் பிறகுதான் எழுத்து, கடைசியில் மறுபடி நடை. இந்த வரிசையை மாற்றாதீர்கள். உதாரணத்துக்குத் தரங்கம்பாடியை எடுத்துக்கொள்கிறேன். மயிலாடுதுறை மாவட்டக் கடற்கரையில், ஒருகாலத்தில் டேனிஷ்காரர்கள் (டென்மார்க் நாட்டவர்) கையில் இருந்த ஊர். ஒரு பொழுதில் நடந்து முடிக்கக்கூடிய சின்ன ஊர். கோயில், கோட்டை, தேவாலயம், தனியார் வீடு, கடல் அரிப்பு என்று இந்த வேலையில் வரக்கூடிய எல்லாச் சிக்கலும் அங்கே ஒரே இடத்தில் இருக்கிறது.

1. கிளம்பும் முன் முடிக்க வேண்டியவை

முதலில் பக்கத்தைத் தொகுக்கும் டெஸ்க்கில் உட்கார்ந்து இடத்தைப் பேசி முடியுங்கள். முழுப் பக்கமா, அரைப் பக்கமா, அதில் வரைபடத்துக்கு எவ்வளவு? வரைபடத்துக்கான இடத்தை எழுத்துக்கு முன்பே கேட்டு வாங்கிவிட வேண்டும். கடைசி நேரத்தில் விளம்பரம் வந்தால் முதலில் தூக்கப்படுவது வரைபடம்தான். வரைபடம் போனால் அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு யாரும் நடக்க முடியாது.

அடுத்தது அடையாள அட்டை, அலுவலகக் கடிதம். கடிதத்தில் நோக்கத்தை ஒரு வரியில் எழுதியிருக்க வேண்டும். கோயில் அலுவலகத்திலும் சபை அலுவலகத்திலும் "எதுக்கு இதெல்லாம் கேக்குறீங்க?" என்ற கேள்வி கட்டாயம் வரும். வாயால் சொல்வதைவிடத் தாளைக் காட்டினால் வேலை சீக்கிரம் நடக்கும்.

மூன்றாவது நாட்காட்டி. கோயில் திருவிழா, ஞாயிறு ஆராதனை, உள்ளூர்ச் சந்தை நாள் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கடலோர ஊரானால் இன்னொன்றும் உண்டு. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகிறவர்கள் அப்போது கரையில் வலை பின்னிக்கொண்டு இருப்பார்கள். நிதானமாகப் பேச அதைவிட நல்ல நேரம் கிடையாது.

2. யார் வரப்போகிறார் என்பதை முடிவு செய்யுங்கள்

"எல்லோருக்கும்" என்று எழுதினால் யாரும் வரமாட்டார்கள். அந்த ஊருக்குப் பக்கத்தில் ஏற்கெனவே யார் வந்துபோகிறார்கள் என்று பாருங்கள்.

தரங்கம்பாடிக்கு அந்தக் கேள்விக்கான விடை திருக்கடையூர். அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்று மாநிலம் முழுவதிலிருந்தும் குடும்பங்கள் அங்கே வந்து இறங்குகின்றன. காலையில் சடங்கு முடிந்து, பந்தி முடிந்து, மாலை ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கும். பத்து கிலோமீட்டருக்குள் தரங்கம்பாடி இருக்கிறது. அங்கே என்ன பார்ப்பது என்று தெரியாமல் திரும்பிப் போகிறவர்கள்தான் அதிகம். உங்கள் வாசகர் இவர்தான் என்று முடிவு செய்துவிட்டால் மற்றவை தாமாகவே தெளிவாகிவிடும். கூட வயதானவர்கள் இருப்பார்கள். பட்டுப்புடவையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். கையில் இரண்டு மூன்று மணி நேரம்தான் இருக்கும். பாதையின் நீளம், உட்கார நிழல், கழிப்பறை, எல்லாவற்றையும் இவரை மனதில் வைத்துத்தான் குறிக்க வேண்டும்.

3. முதல் நடை: எதையும் எழுதத் தொடங்காமல்

ஊரின் பழைய நுழைவாயில் எதுவோ அங்கிருந்து தொடங்குங்கள். தரங்கம்பாடியில் அது மேற்கே இருக்கும் நகர வாயில். இன்று நாம் பார்க்கும் வாயில் 1792-ல் கட்டப்பட்டது. அதைத் தாண்டினால் ராஜ வீதி நேராகக் கடலுக்குக் கொண்டுபோய் விடுகிறது. வாயிலில் நுழைந்து, தேவாலயங்களைப் பார்த்து, கடைசியில் கோட்டையும் கடலும் என்று ஊரே ஒரு வரிசையை வைத்திருக்கிறது. அதைக் குலைக்காதீர்கள். பல பேர் கோட்டை வாசல் வரை காரில் போய் இறங்கி, அங்கிருந்து தொடங்கி எழுதுகிறார்கள். அப்படிச் செய்தால் வாசகரும் கோட்டையைப் பார்த்துவிட்டுக் காரில் ஏறிவிடுவார். வீதி முழுக்க விடுபட்டுப்போகும்.

நடக்கும்போது குறிப்பேட்டில் எழுத வேண்டியவை இவ்வளவுதான்: ஒரு இடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு எத்தனை நிமிடம், நிழல் எங்கே, குடிநீர் எங்கே, படிகள் எங்கே, கதவு திறந்திருக்கிறதா. வெயிலின் திசையையும் குறியுங்கள். ராஜ வீதியில் காலையில் கிழக்கே நடந்தால் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். மாலையில் முதுகுப் பக்கம் இருக்கும், கடல் காற்றும் வரும். பிற்பகல் நான்கு மணிக்குத் தொடங்குங்கள் என்று பக்கத்தில் ஒரு வரி போட்டாலே வாசகருக்குப் பெரிய உதவி. ஆனால் அந்த வரியைப் போடுவதற்கு முன் கோட்டையும் தேவாலயங்களும் எத்தனை மணிக்குச் சாத்தப்படுகின்றன என்று கேட்டுவிட வேண்டும்.

4. ஒவ்வொரு இடமும் யார் பொறுப்பில் இருக்கிறது?

இதைச் செய்யாமல் விட்ட பக்கங்கள்தான் பிறகு சண்டையில் முடிகின்றன. ஒரே வீதியில் அடுத்தடுத்து நிற்கும் கட்டடங்கள் வெவ்வேறு கைகளில் இருக்கும். டேன்ஸ்பர்க் கோட்டையும் அதனுள் இருக்கும் அருங்காட்சியகமும் மாநிலத் தொல்லியல் துறையிடம் இருக்கின்றன. புதிய எருசலேம் ஆலயம் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையைச் சேர்ந்தது. சீயோன் ஆலயம் தென்னிந்தியத் திருச்சபையுடையது. திண்ணையும் தூண்களும் வைத்த பழைய வீடுகளில் குடும்பங்கள் குடியிருக்கின்றன.

ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்விகள்: உள்ளே போக அனுமதி உண்டா, படம் எடுக்கலாமா, எந்த நாள் விடுமுறை? ஞாயிறு விடுமுறை என்று நாமாகவே நினைத்துக்கொள்வது தவறு. அரசு அருங்காட்சியகங்களில் வெள்ளிக்கிழமை விடுமுறை விடுபவை உண்டு. கோயில்கள் நண்பகலில் நடை சாத்திவிடும். தமிழகக் கோயில்களுக்குள் செல்பேசியைத் தடைசெய்யச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டிருக்கிறது. "கோயிலுக்குள் இந்தக் கல்வெட்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று நீங்கள் எழுதினால், அதை நம்பி வருகிறவர்தான் காவலாளியிடம் திட்டு வாங்குவார்.

குடியிருக்கும் வீட்டைப் பக்கத்தில் காட்டுவதாக இருந்தால் வீட்டுக்காரரிடம் கேட்டு, தெருவில் நின்று பார்க்கச் சொல்லி எழுதுங்கள். சம்மதம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். எவ்வளவு அழகான வீடாக இருந்தாலும் சரி. பக்கம் ஒரு நாள்தான் வரும், அந்தத் திண்ணையில் அவர்கள் தினமும் உட்கார்ந்தாக வேண்டும்.

5. ஆவணம்: எதை முதலில் நம்புவது

நடந்து முடித்த பிறகு இப்போது படிக்க உட்காருங்கள். எதைத் தேட வேண்டும் என்று தெரிந்து படிப்பதால் நேரம் மிச்சம்.

அந்தக் காலத்திலேயே பொறிக்கப்பட்ட அல்லது எழுதப்பட்ட சான்றுக்கே முதலிடம். கல்வெட்டு, ஒப்பந்தம், கட்டடத்திலேயே இருக்கும் ஆண்டு எண். புதிய எருசலேம் ஆலயத்தின் முகப்பை அண்ணாந்து பாருங்கள். டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக்கின் முத்திரை எழுத்துகளும், மேலே கிரீடமும், 1718 என்ற ஆண்டும் அங்கேயே இருக்கின்றன. இது மாதிரி ஒன்று கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். வாசகர் தன் கண்ணாலேயே சரிபார்த்துக்கொள்ளக்கூடிய ஆதாரம் இது.

அடுத்த இடம் பழைய கெசட்டியர் (அரசு வெளியிட்ட மாவட்ட விவரத் தொகுப்பு), கல்வெட்டு ஆண்டறிக்கை, தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள். 1906-ஆம் ஆண்டுத் தஞ்சாவூர் மாவட்ட கெசட்டியரில் இந்தப் பகுதி ஊர்களைப் பற்றிக் குறிப்புகள் உண்டு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் நிறைய பழைய நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. நேரில் போக முடிந்தால் எழும்பூர் ஆவணக் காப்பகம், தஞ்சை சரஸ்வதி மகால் நூலகம். தல புராணம், விழா மலர், துண்டுப் பிரசுரம் ஆகியவை இதற்குப் பிறகுதான். விழா மலரை ஒதுக்கச் சொல்லவில்லை. அதில் இருக்கும் ஆண்டை வேறு ஒரு இடத்தில் சரிபார்க்காமல் அச்சேற்றாதீர்கள் என்கிறேன்.

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுவது ஆண்டு மாற்றத்தில். சக ஆண்டோடு 78, பசலியோடு (நிலவரிக் கணக்கு ஆண்டு) 590, கொல்லம் ஆண்டோடு 824 அல்லது 825 கூட்டினால் கிறித்துவ ஆண்டு வரும். மாதத்தைப் பொறுத்து ஒன்று முன்பின் ஆகலாம். பிலவ, சுபகிருது என்று தமிழ் ஆண்டின் பெயர் மட்டும் இருந்தால் அது அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும் பெயர். பிலவ என்றால் 1901-ம் ஆகலாம், 1961-ம் ஆகலாம், 2021-ம் ஆகலாம். வேறு துணைச் சான்று இல்லாமல் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதக் கூடாது. "மன்னரின் 37-ஆம் ஆட்சியாண்டு" என்று கல்வெட்டு சொன்னால், அதே பெயரில் எத்தனை மன்னர் இருந்தார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் கணக்கிட வேண்டும்.

தரங்கம்பாடிக் கடற்கரையில் இருக்கும் மாசிலாமணி நாதர் கோயில் விஷயத்தில் இது முக்கியம். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கோயில் அது. கடல் அதன் முன்பகுதியைத் தின்றுவிட்டது. அந்தக் காலத்து ஊர்ப் பெயர்களில் குலசேகரன்பட்டினம் என்பதும் ஒன்று. அந்தப் பெயரை வைத்துத் தேடினால் தூத்துக்குடி மாவட்டத்து ஊரைப் பற்றிய செய்திகளெல்லாம் வந்து கலந்துவிடும். மாவட்டத்தைப் பார்த்துப் படியுங்கள்.

6. "முதல்", "ஒரே", "இரண்டாவது பெரிய" வரும் இடத்தில் நில்லுங்கள்

சிற்றூர் வரலாற்றைக் கெடுப்பது பொய் அல்ல, பெருமைக்காகக் கொஞ்சம் ஏற்றிச் சொல்வது. ஊர்க்காரர்கள் ஆசையாகச் சொல்வார்கள், நிருபரும் ஆசையாக எழுதுவார், அடுத்த நிருபர் அதையே ஆதாரமாக வைப்பார். தரங்கம்பாடியிலேயே மூன்று உதாரணம் இருக்கிறது.

ஒன்று, "இந்தியாவின் முதல் அச்சகம் தரங்கம்பாடியில்தான்" என்பது. இது தவறு. கோவாவில் 1556-லேயே அச்சகம் வந்துவிட்டது. தமிழ் எழுத்தில் தம்பிரான் வணக்கம் 1578-ல் கொல்லத்தில் அச்சாகியிருக்கிறது. அதனால் தரங்கம்பாடியின் பெருமை குறைந்துவிடுமா? இல்லை. ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு 1706 ஜூலை 9-ல் இந்தக் கரையில் இறங்கினார். தமிழ் கற்றுக்கொண்டு புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார். 1715-ல் அது இங்கேயே அச்சாகி வெளிவந்தது. காகிதம் போதாமல் பக்கத்திலேயே காகிதப் பட்டறை வைத்தார்கள். பொறையாறு பக்கம் கடுதாசிப்பட்டறை என்ற இடம் இன்றும் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. 1719-ல் இறந்த சீகன்பால்கு அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். "முதல்" என்ற சொல் இல்லாமலேயே இத்தனை செய்தி இருக்கும்போது அந்தச் சொல் எதற்கு?

இரண்டு, "உலகிலேயே ஓசோன் அதிகமுள்ள கடற்கரை". பயணக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் வரி. யார் அளந்தார்கள், எப்போது அளந்தார்கள் என்று எதிலும் இருக்காது. அதோடு, தரை மட்டத்தில் ஓசோன் அதிகமாக இருந்தால் அது நுரையீரலுக்குக் கெடுதல். வயதானவர்களை அழைத்து வருகிறவர்களுக்கு இதை நன்மையாக எழுதுவது பொறுப்பில்லாத செயல். கடல் காற்று நன்றாக இருக்கும் என்று எழுதுங்கள், போதும்.

மூன்று, "உலகின் இரண்டாவது பெரிய டேனிஷ் கோட்டை". எந்த அளவை வைத்து இரண்டாவது என்று யாரும் சொல்வதில்லை. பதிலுக்கு உறுதியாகத் தெரிந்ததை எழுதுங்கள். 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு டேனிஷ் தளபதி ஓவே கெட்டே ஒப்பந்தம் செய்துகொண்டார், கோட்டை எழுந்தது. 1845-ல் டேனிஷ்காரர்கள் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். நாயக்கர் டென்மார்க் மன்னருக்குத் தங்க ஏட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்திக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

7. ஊர்ப் பெரியவர்களிடம் பேசுவது

ஆவணம் படித்த பிறகு போகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒன்றும் தெரியாமல் போனால் "ஊரைப் பத்திச் சொல்லுங்க ஐயா" என்றுதான் கேட்க முடியும். அவரும் விழா மலரில் இருப்பதையே சொல்வார். தெரிந்துகொண்டு போனால் ஆவணத்தில் இல்லாததைக் கேட்கலாம்: எந்த மரத்தடியில் ஏலம் நடந்தது, கோயிலின் எந்தச் சுவர் வரை கடல் அப்போது இருந்தது, அந்த மாளிகையில் யார் யார் குடியிருந்தார்கள்.

"எந்த வருஷம்?" என்று நேராகக் கேட்காதீர்கள். பெரியவர்கள் உங்களைத் திருப்திப்படுத்த ஒரு ஆண்டைச் சொல்லிவிடுவார்கள். ஊர் முழுக்கத் தெரிந்த நிகழ்ச்சிகளை முன்னால் வையுங்கள். "77 புயலுக்கு முன்னாடியா, பின்னாடியா பாட்டி?" "மாயவரத்துலேருந்து ரயில் வந்துக்கிட்டிருந்த காலமா?" "சுனாமி வந்தப்போ அந்தச் சுவர் இருந்துதா?" 1977 நவம்பர் நாகைப் புயலும், எண்பதுகளில் நின்றுபோன தரங்கம்பாடி ரயிலும், 2004 சுனாமியும் இந்தக் கரையில் எல்லோர் நினைவிலும் இருப்பவை. அவற்றுக்கு இடையில் ஒரு சம்பவத்தைப் பொருத்திவிடலாம்.

சுனாமியைப் பற்றிக் கேட்கும்போது மட்டும் கவனம். சுவரைப் பற்றிக் கேட்டால் சுவரைப் பற்றிக் கேளுங்கள். வீட்டில் யாரை இழந்தார்கள் என்பதை அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், பக்கத்தில் போடாதீர்கள். சுற்றுலாப் பக்கம் அதற்கான இடம் இல்லை.

ஒரே தெருவில் ஒரே சமூகத்திடம் மட்டும் பேசிவிட்டு ஊர் வரலாறு என்று எழுதுவதும் அடிக்கடி நடக்கிறது. மீனவர் குடியிருப்பு, கோயில் தெரு, சபை வளாகம், பள்ளிவாசல் பக்கம் எல்லா இடத்திலும் ஆள் பார்க்க வேண்டும். ராஜ வீதி மாளிகையை யார் ஆண்டார் என்று சொல்ல ஆள் கிடைப்பார். கல்லும் சுண்ணாம்பும் சுமந்தவர்கள் எங்கே குடியிருந்தார்கள் என்று சொல்ல ஆளைத் தேடித்தான் போக வேண்டும்.

பழைய புகைப்படம் கொடுத்தால் அங்கேயே செல்பேசியில் படியெடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அலுவலகத்துக்கு எடுத்துப் போனால் தொலையும். வெளியிடச் சம்மதம் என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். நம் சட்டப்படி புகைப்படத்துக்கு, எடுத்தவரின் ஆயுள் முழுவதும், அவர் இறந்த பிறகு 60 ஆண்டும் பதிப்புரிமை உண்டு. எடுத்தது ஸ்டூடியோவா, குடும்பத்தாரா என்றும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

8. பாதையைச் சுருக்குங்கள்

எல்லாம் சேர்ந்த பிறகு கையில் இருபது இடம் இருக்கும். எட்டுக்கு மேல் போடாதீர்கள். எதை விடுவது என்பதற்கு ஒரு கேள்வி போதும்: வாசகர் அங்கே நின்று கண்ணால் பார்க்க ஏதாவது இருக்கிறதா? "முன்பு இங்கே ஒரு மாளிகை இருந்தது" என்றால் அது கட்டுரைக்கு உதவும், பாதைக்கு உதவாது.

வரைபடத்தில் எண்கள் நடக்கும் வரிசையில் இருக்கட்டும். பேருந்து நிறுத்தம், கழிப்பறை, டீக்கடை மூன்றும் கட்டாயம். வடக்கு எங்கே என்று அம்புக்குறி போட்டால் மட்டும் போதாது. "கடல் இந்தப் பக்கம்" என்றும் எழுதுங்கள், எல்லோருக்கும் புரியும்.

9. எழுதுவது

ஒவ்வொரு இடத்துக்கும் நான்கைந்து வரி. முதல் வரியில் எங்கே நிற்க வேண்டும், இரண்டாவதில் எதைப் பார்க்க வேண்டும், அதற்குப் பிறகு கதை. புதியவர்கள் இதைத் தலைகீழாக எழுதுவார்கள். ஆண்டும் மன்னர் பெயரும் முதலில் வந்தால், வெயிலில் நிற்கிறவர் இரண்டாவது வரிக்குப் போகமாட்டார்.

"புதிய எருசலேம் ஆலயத்தின் வாசலுக்கு எதிரே, தெருவின் மறுபுறம் நில்லுங்கள். முகப்பின் உச்சியில் கிரீடம் தெரிகிறதா? அதன் கீழே 1718." இப்படித் தொடங்கினால் கண் போன இடத்துக்குக் கதையும் போகும்.

உறுதியானதையும் செவிவழிச் செய்தியையும் ஒரே குரலில் எழுதாதீர்கள். செவிவழிச் செய்திக்கு "என்று ஊரில் சொல்கிறார்கள்" சேர்த்துவிடுங்கள். அது ஒன்றும் குறைவில்லை, அதற்கும் பக்கத்தில் இடம் உண்டு.

10. அச்சுக்கு முன் சோதனை நடை

பக்கத்தின் அச்சுப்படியை எடுத்துக்கொண்டு, அந்த ஊருக்கே வராத ஒருவரை அழைத்துப் போங்கள். அலுவலகத்தில் வேறு பிரிவில் வேலை செய்பவர் யாராவது போதும். தாளை அவர் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் பின்னால் நடங்கள். வாயைத் திறக்காதீர்கள். அவர் எங்கே நின்று திருதிருவென்று பார்க்கிறாரோ அங்கே உங்கள் எழுத்தில் ஓட்டை இருக்கிறது. "இடப்பக்கம்" என்று நீங்கள் எழுதியது எந்தத் திசையிலிருந்து வரும்போது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

அன்றே மூன்று பேரிடம் தாளைக் காட்டுங்கள்: கோட்டைப் பணியாளர், ஆலயப் பொறுப்பாளர், வரைபடத்தில் இருக்கும் டீக்கடைக்காரர். பெயர், நேரம், கட்டணம் மூன்றையும் அவர்களே திருத்திக் கொடுப்பார்கள். கூட்டம் வரப்போகிறது என்று அவர்களுக்கு முன்கூட்டியே சொன்னதாகவும் ஆகிவிடும்.

11. வெளியான பிறகு

உங்களிடம் பேசியவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி போய்ச் சேர வேண்டும். முகவரிடம் சொன்னால் காலைக் கட்டோடு சேர்த்துக் கொடுத்துவிடுவார். அடுத்த ஊருக்குப் போகும்போது அந்தப் பிரதிதான் உங்களுக்கு அறிமுகக் கடிதம்.

தவறு சுட்டி வரும் கடிதங்களை ஒரு கோப்பில் சேருங்கள். அவற்றில் பாதி கோபமாக இருக்கும், ஆனாலும் படியுங்கள். நமக்குக் கிடைக்காத பட்டயமும் படமும் அந்தக் கடிதம் எழுதியவர் வீட்டுப் பரணில் இருக்க வாய்ப்பு அதிகம். உறுதியான தவறு என்றால் அடுத்த வாரமே அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் திருத்தம் போடுங்கள்.

ஆறு மாதம் கழித்து நேரம், கட்டணம், பேருந்து எண் ஆகியவற்றை மட்டும் தொலைபேசியில் சரிபாருங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை நேரில் போய்வாருங்கள். கடலோரக் கோயிலின் சுவரும் பாதையும் ஒவ்வொரு மழைக்கும் மாறுகின்றன. பக்கத்தை வெட்டி வைத்திருக்கும் வாசகர்கள் அடுத்த கோடை விடுமுறையில்தான் கிளம்பி வருவார்கள். மாற்றம் இருந்தால் தை மாதத்துக்குள் ஒரு சின்னக் குறிப்பாக வெளியிட்டுவிடுங்கள்.